கயலின் அரைக் கிரெடிட்

கேட்டி, டெக்சஸ்
ஜூன் 19, 2025

ஜெயமலர் டீச்சருக்கு,

ஆறு வருஷமாக உங்களை ‘மலர் அக்கா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கு அது வாயில் வரவில்லை. அதனால் டீச்சர்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள் எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது தமிழ்ப்பள்ளி குரூப்பில் எந்த ரூபத்தில் வந்து நிற்குமோ, யார் கண்டது? நேரில் வந்தால் அழுதுவிடுவேன், அது உங்களுக்கு ரொம்ப சௌகரியமாகப் போய்விடும். இதை உங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். மணி அடிக்க மாட்டேன். கதவுக் கேமராவில் என் முகம் விழும். விழட்டும்.

நேற்று சம்மர் ஸ்கூல் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கெமிஸ்ட்ரியின் பன்னிரண்டு பாடங்களில் கயல் முடித்த ஒன்பதும் ரத்து. மார்க் எல்லாம் பூஜ்யம். பிறர் வேலையைத் தன் வேலையாகக் காட்டினாளாம். கீழே, தகவல் கொடுத்த ஆசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயர். நான் மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலாவது தடவையும் படித்தேன்.

மே மாதம் அவள் கெமிஸ்ட்ரியில் ஐம்பத்தெட்டு வாங்கி, ஒரு செமஸ்டருக்கான அந்த அரைக் கிரெடிட் போனபோது உங்கள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்துதான் அழுதேன். ‘சம்மர் ஸ்கூலில திரும்ப எடுக்கலாம், எல்லாம் கொம்பியூட்டரில பாடம், அந்த வகுப்பை நான்தான் பாக்கிறன், பயப்பிடாதேங்கோ’ என்று சொன்னது யார்? ஆகஸ்டில் அவள் பன்னிரண்டாம் வகுப்பு. அதற்கப்புறம் காலேஜுக்கு அப்ளை செய்ய வேண்டும். இந்தக் கிரெடிட் வராவிட்டால் அவளை சீனியர் என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே பாடத்தை இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா?

கடிதத்தின் தொனியைப் பார்த்தால் என் பெண் ஏதோ காப்பியடித்த மாதிரி இருக்கிறது. அவள் காப்பியடிக்கவில்லை. அவள் ஒன்றுமே செய்யவில்லை. செய்ததெல்லாம் நான். ஒரு அம்மா பிள்ளைக்கு ஹெல்ப் பண்ணினாள், இதில் என்ன குற்றத்தைக் கண்டுவிட்டீர்கள்?

சந்தேகம் வந்திருந்தால் எனக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். ‘சாந்தாமணி, இது சரியில்லை’ என்று ஒரு வார்த்தை. உங்களுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தபோது மூன்று வாரம் உங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். சொல்லிக்காட்டிவிட்டேன்.

சாந்தாமணி சேனாபதி


ஜூன் 21, சனிக்கிழமை

அன்புள்ள சாந்தாமணி,

உங்கள் கடிதம் கிடைத்தது. கேமராவில் முகமும் கிடைத்தது. என் மனுசன் அல்பிரட் அதைப் பார்த்துவிட்டு, ‘பாவம், வெயிலுக்க நிக்கிறா, உள்ள கூப்பிடுமன்’ என்றார். நான் கூப்பிடவில்லை. எனக்கும் கோபம்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் பத்தாம் திகதி, காலை பத்தே முக்கால். வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு கொம்பியூட்டர். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று என் திரையில் அப்படியே தெரியும். கயல் எனக்கு முன்னால் மூன்றாவது வரிசையில் இருந்து நோட்டில் ஒரு பூனைப் படம் கீறிக்கொண்டிருந்தாள். அவளுடைய கொம்பியூட்டர் மூடிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து என் திரையில் கயல் சேனாபதி ஐந்தாம் பாடத்தை முடித்து நூற்றுக்கு நூறு எடுத்தாள். நான் என்ன செய்ய? கண்ணைக் கழற்றி மேசையில் வைக்கவா?

பிறகு அந்தப் பரிசோதனை அறிக்கை. சோதனை, நோக்கல், அனுமானம் என்று மூன்று கட்டம் கட்டி, கடைசியில் ‘எனவே கொடுக்கப்பட்ட உப்பு அமோனியம் குளோரைட்’ என்று முடித்திருக்கிறீர்கள். இந்த நாட்டில் படித்த எந்தப் பிள்ளை அப்படி எழுதும்? கேட்ட கேள்வி தண்ணீர் கொதிப்பதைப் பற்றியது. உப்பை யாரும் உங்களிடம் கொடுக்கவேயில்லை. நானும் யாழ்ப்பாணத்தில் அப்படிக் கட்டம் கட்டி எழுதினவள்தான், அதனால் பார்த்த உடனே சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

ஹெல்ப் என்கிறீர்கள். ஹெல்ப் என்றால் பிள்ளையும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்தில், நீங்கள் வீட்டுக் குசினியில்.

போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். செய்திருந்தால், ‘அக்கா, இந்த ஒரு தடவை விட்டுருங்க’ என்று சொல்லியிருப்பீர்கள். நானும் விட்டிருப்பேன். அதனால்தான் செய்யவில்லை. எல்லாப் பிள்ளைகளின் வேலையும் அவரவர் வேலைதான் என்று கீழே கையெழுத்து வைப்பவள் நான். ஊரில் பதினைந்து வருசம் படிப்பித்தும் இந்த நாட்டுக்கு அது காணாது என்று நாற்பத்தாறு வயதில் திரும்பப் பரீட்சை எழுதி வாங்கின வேலை இது. அந்தக் கையெழுத்தை உங்கள் அமோனியம் குளோரைட்டுக்குக் கீழே வைக்கச் சொல்கிறீர்களா?

சாப்பாட்டைச் சொல்லிக்காட்டினீர்கள். நல்ல சாப்பாடு, நான் மறக்கவில்லை. ஆனால் அதற்குக் கயலின் கணக்கில் மார்க் போட ஏலாது.

ஜூன் முப்பதாம் திகதி இரண்டாவது தவணை தொடங்குது. கயல் முதலாம் பாடத்தில் இருந்து திரும்பச் செய்யலாம் என்று ஆபீசில் மன்றாடி வாங்கியிருக்கிறேன். ஆனால் அவளுக்குக் கடைசிப் பரீட்சை பள்ளியில், என் கண்ணுக்கு முன்னால். எழுபது எடுத்தால் கிரெடிட். அவளை விடுங்கோ, அவளே செய்யட்டும்.

ஜெயமலர்


ஜூன் 24

ஜெயமலர் டீச்சருக்கு,

என் உப்பைப் பார்த்துச் சிரித்தீர்களாக்கும்.

நான் எங்கள் ஊர் கோபியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். காலேஜில் முதல் ரேங்க். படித்து முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு மாசம் பாடம் எடுத்தேன். அப்புறம் கல்யாணம், விசா, இர்விங்கில் ஒரு அபார்ட்மென்ட். டிபெண்டென்ட் விசாவில் பதினோரு வருஷம். வேலைக்குப் போகக் கூடாது, சம்பளம் வாங்கக் கூடாது, சும்மா இருக்கலாம். அந்தப் பதினோரு வருஷமும் நான் படித்த கெமிஸ்ட்ரி கயலின் ஸ்கூல் பிராஜெக்ட்டில்தான் உயிரோடு இருந்தது. அஞ்சாம் வகுப்பில் அவளுக்கு சயின்ஸ் ஃபேர். நீல நிறத்தில் படிகம் வளர்த்தோமே, படம் காட்டியிருக்கிறேன் உங்களுக்கு. முதல் பரிசு. மேடையில் அவள் கையில் ரிப்பனைக் கொடுத்தபோது அந்த ஹாலிலேயே சத்தமாகக் கை தட்டியது நான்தான். யாருக்குத் தட்டினேன் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பாடங்களைக்கூட அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்க்கத்தான் திறந்தேன், சத்தியமாக. அவளுடைய பாஸ்வேர்ட் எப்போதும் எனக்குத் தெரியும். முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தது. அமுக்கினேன். பச்சையாக ஒரு டிக் வந்தது. டீச்சர், எனக்கு ஒருத்தர் டிக் போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. சாம்பார் நன்றாக இருக்கிறது என்பார்கள், அதோடு சரி. அடுத்த கேள்விக்குப் போனேன். அதற்கடுத்த கேள்விக்குப் போனேன். மத்தியானம் சாப்பிடவே மறந்துபோனேன். ஒன்பது பாடத்துக்கும் சேர்த்துத் தொண்ணூற்றெட்டு. அது என் மார்க். எனக்கு வெட்கமாக இல்லை.

உங்கள் கையெழுத்தைப் பற்றிப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் இருபத்தோரு பேரும் சொந்தமாகத்தான் செய்கிறார்களா? கேள்வியை அப்படியே போனில் ஏஐயிடம் கொடுத்துப் பதிலை எடுத்து ஒட்டுகிறார்கள் என்று கயல் சொல்கிறாள். அவள் பக்கத்தில் இருக்கிற ஆர்யன் ஒரே காலையில் நாலு பாடம் முடித்தானாமே. அவன் வீட்டுக்குக் கடிதம் போகவில்லை. மெஷின் எழுதினால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அம்மா எழுதினால் மட்டும் தெரியுமா? இது எந்த ஊர் நியாயம்?

நான் சும்மா விடுவதாக இல்லை. வியாழக்கிழமை ஆபீசுக்குப் போகிறேன். என் டிகிரியையும் மார்க் லிஸ்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். எங்கிருந்தும் திருடவில்லை, தெரிந்துதான் எழுதினேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லப் போகிறேன். எங்க வீட்டுக்காரர், ‘வேண்டாம் மணி, மானம் போயிரும்’ என்கிறார். போன மானத்தை வாங்கத்தான் போகிறேன் என்று சொன்னேன்.

சாந்தாமணி, எம்.எஸ்ஸி.


ஜூன் 29, ஞாயிறு

சாந்தாமணி,

நீங்கள் சொன்னதைச் செய்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. லேமினேட் செய்த சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டு வந்து, பள்ளித் துணை முதல்வருக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். நீங்கள் போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, ‘இந்த அம்மா வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவரா?’ என்று கேட்டார். இல்லை, மகளின் மார்க் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வந்த தாய் என்றேன். மனுசன் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் கேட்டது பிழையான கேள்வியும் இல்லை. பதினோரு வருசம் உங்களை இந்த நாட்டுச் சட்டம் தடுத்தது. அதை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கொதிக்குது. ஆனால் வேலை செய்யும் அனுமதி உங்களுக்கு வந்து ஆறு வருசம். அந்த ஆறு வருசத்தையும் தடுத்தது யார்?

ஆர்யனைப் பற்றி நீங்கள் எழுதினது சரி. அடுத்த நாளே எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டேன். அவன் அதன் பிறகு அரைப் பாடம்கூட முடிக்கவில்லை.

இனி, நான் மறைத்ததைச் சொல்கிறேன். திரையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று எழுதினேன். அது பொய் இல்லை. முழுக் கதையும் இல்லை. பத்தாம் திகதி பார்த்துவிட்டு நான் ஒன்றும் செய்யவில்லை, சாந்தாமணி. சினேகிதிதானே என்று மூன்று நாள் பார்த்தும் பாராதது மாதிரி இருந்தேன். கையெழுத்து, கையெழுத்து என்று உங்களுக்கு அவ்வளவு கதை விட்டேனே, அந்தக் கையெழுத்துக்காரி மூன்று நாள் வாயே திறக்கவில்லை.

பதின்மூன்றாம் திகதி மணி அடித்து எல்லாரும் போன பிறகு கயல் மட்டும் நின்றாள். ‘ஆன்ட்டி, யூ சா இட், ரைட்?’ என்றாள். நான் ஒன்றும் விளங்காதவள் மாதிரி நின்றேன். ‘ஏன் எதுவும் சொல்லல? ப்ளீஸ், ரிப்போர்ட் பண்ணுங்க. நான் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க. நான் படிக்கலாம்னு லேப்டாப்பை ஓப்பன் பண்றேன், எல்லாம் ஆல்ரெடி முடிஞ்சிருக்கு. எவ்ரி டைம், ஆன்ட்டி’ என்றாள்.

ஊரிலும் இங்கேயுமாக இருபத்தாறு வருசம் படிப்பித்திருக்கிறேன். எனக்குப் பூஜ்யம் போடுங்கோ என்று ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. உங்கள் மகள் கேட்டாள்.

அம்மாவிடம் சொல்லாதீங்க, ரொம்ப ஹர்ட் ஆவாங்க என்றும் கேட்டாள். அதனால் பழியை நான் ஏற்றேன், உங்கள் ஏச்சையும் வாங்கினேன். போன வியாழன் நீங்கள் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றதை அவள் வகுப்பறைக் கண்ணாடியால் பார்த்தாள். நேரே என் மேசைக்கு வந்து, ‘இப்ப சொல்லிடுங்க ஆன்ட்டி, என்னால முடியாது’ என்றாள். சொல்லிவிட்டேன்.

அவளை ஏசாதேங்கோ. ஏச வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கோ.

ஜெயமலர்


ஜூலை 8

டீச்சர்,

ஒன்பது நாள் எழுதவில்லை. எழுதினால் தாள் கிழிந்துவிடும் போல இருந்தது.

கயலை மளிகை வாங்கலாம் வா என்று ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காரில்தான் அவளால் எழுந்து ரூமுக்குப் போக முடியாது. ஃப்ரீவேயில் ஏறியதும் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: ‘அந்த சயின்ஸ் ஃபேர் ரிப்பனை நான் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்மா. ஃப்ரெண்ட்ஸ் வந்து, க்ரிஸ்டல் எப்படி க்ரோ பண்ணினன்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாது.’ கொஞ்ச தூரம் போனதும், ‘கெமிஸ்ட்ரில ஃபிஃப்டி எய்ட் வந்துச்சுல்ல, அந்த சார் எல்லா டெஸ்டும் கிளாஸ்லயே வெச்சாரு. அதுதான் நானே வாங்கின மார்க். ஃபெயில்னாலும் அது என்னுது’ என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எக்ஸிட்டை விட்டுவிட்டேன். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினேன். உனக்காகத்தானே எல்லாம் செய்தேன் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. ‘ஐ நோ’ என்றாள். கத்திரிக்காய்கூட வாங்காமல் திரும்பி வந்தோம்.

நான் கேட்கிறேன், பெற்றவள் நான் வீட்டில் இருக்கிறேன். என்னிடம் சொல்லாத விஷயத்தை உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். நீங்கள் ரெண்டு பேரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறீர்கள், நான் இளித்தவாய் மாதிரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக நின்றிருக்கிறேன். இதை நான் மன்னிக்க மாட்டேன். இப்போதைக்கு மாட்டேன்.

அந்த ஆறு வருஷத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பதில் இருக்கிறது, இன்றைக்குச் சொல்ல மாட்டேன்.

கயல் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். என் வீட்டில், என் பெண், எனக்குத் தெரியாமல் ஒரு பாஸ்வேர்ட். ஆனால் பெற்றோருக்கான போர்ட்டல் என் கையில்தான் இருக்கிறது, தினமும் பார்க்கிறேன். முதல் பாடம் அறுபத்தொன்று. இரண்டாம் பாடம் ஐம்பத்துநாலு, திரும்ப எழுதி எழுபத்திரண்டு. மூன்றாம் பாடத்தில் இரண்டு நாளாக நிற்கிறாள். மோல் கணக்கு வரவில்லை. அஞ்சு நிமிஷம் கொடுத்தால் நான் சொல்லிப் புரியவைத்துவிடுவேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து மடித்த துணியையே மறுபடி மடிக்கிறேன்.

தோற்றுப்போனால்? அதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் ரெண்டு பேருடைய நேர்மைக்கும் சேர்த்து ஒரு வருஷம் போகப் போவது அவளுக்கு.

சாந்தாமணி


ஜூலை 22, செவ்வாய்

அன்புள்ள சாந்தாமணி,

அறுபத்தெட்டு.

நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. நான் வகுப்பைப் பூட்டிவிட்டு வெளியே வருமுன்னமே நீங்கள் போர்ட்டலில் பார்த்துவிட்டு என் காருக்குக் குறுக்கே நின்றீர்கள். ‘ரெண்டே ரெண்டு மார்க்குங்க்கா, உங்க கையில இல்லீங்களா’ என்று நீங்கள் கத்தினதைக் கூடைப்பந்து விளையாடின பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நூற்றிரண்டு பாகை வெயில். பழியை வெயில் மேல் போட்டு அதை மறக்கப் பார்க்கிறேன்.

என் கையில் இல்லை. இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால், நான் அந்தத் தாளை நாலு தரம் திருப்பிப் பார்த்தேன். எங்கேயாவது இரண்டு மார்க் விழுந்து கிடக்குதா என்று தேடினேன். கிடக்கவில்லை. பன்னிரண்டு பாடத்தையும் தன் பாட்டில் முடித்த பிள்ளைக்கு அறுபத்தெட்டு, கிரெடிட் இல்லை. போன தவணையில் பதிலை எடுத்து ஒட்டிவிட்டுப் போன பிள்ளைகளுக்குத் தொண்ணூறு, கிரெடிட் உண்டு. இந்த முறையை யார் கண்டுபிடித்தானோ அவனை ஒருக்கா என் வகுப்பில் கொண்டுவந்து இருத்த வேண்டும். எனக்கு நேற்றுவரை உங்கள் மேல்தான் கோபம். இன்றைக்கு எல்லார் மேலும்.

ஆனால் நீங்கள் கத்திக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் வந்தாளே, அதை நீங்கள் சரியாகப் பார்த்தீர்களோ தெரியாது. அழுத முகம். நடந்து வந்து உங்களுக்கும் எனக்கும் நடுவில் நின்று, ‘அம்மா, இது என்னோட சிக்ஸ்டி எய்ட். நீங்க தொடாதீங்க’ என்றாள்.

இனிக் காரியம். மறுபரீட்சை ஒன்று உண்டு. ஒரே ஒரு தரம், வெள்ளிக்கிழமை. அதற்கு முன் இரண்டு நாள் என்னோடு இருந்து பிழைவிட்ட கேள்விகளைப் பார்க்க வேண்டும். கயல் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அதிலும் எழுபது வராவிட்டால் அந்த வருசம் போகத்தான் போகுது. உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை போர்ட்டலைத் திறக்காதேங்கோ. அறுபத்தெட்டை அவள் உங்களிடம் தானாகச் சொல்லத்தான் வெளியே வந்தாள். வந்து பார்த்தால் நீங்கள் அதை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கிறீர்கள். இந்த முறை மார்க் எதுவாக இருந்தாலும் அவள் வாயால் கேளுங்கோ.

ஜெயமலர்


ஜூலை 25, வெள்ளி
சாயங்காலம் ஆறு மணி

மலர் அக்கா,

திறக்கவில்லை.

போனிலிருந்து அந்தப் போர்ட்டல் ஆப்பை அழித்துவிட்டேன். லேப்டாப்பை எடுத்து எங்க வீட்டுக்காரர் காரில் வைத்து, ‘இதை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க, கேட்டாலும் தராதீங்க’ என்று அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் இரண்டரை மணி நேரம் பள்ளி பார்க்கிங்கில் காரிலேயே இருந்தேன். என்னென்ன தோன்றியது தெரியுமா? உள்ளே போய் உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று. தண்ணீர் பாட்டில் கொடுக்கிற சாக்கில் அவள் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று. கார்க் கதவை இரண்டு தடவை திறந்தேன். இரண்டு தடவையும் மூடினேன். இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை, அதுவும் உட்கார்ந்த இடத்தில்.

அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் அவளுக்கு அதையும் சொல்லிக்கொடுத்தீர்களா? ‘நான் ட்ரைவ் பண்ணட்டுமா?’ என்றாள். லேர்னர்ஸ் பர்மிட் வாங்கி நாலு மாசம் ஆகிறது, நான் சாவியைக் கொடுத்ததே இல்லை. கொடுத்தேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் கொஞ்சம் லேட்டாக பிரேக் போட்டாள், அதற்கும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மார்க்கைத்தான் கேட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து குளித்தாள். தயிர் சாதம் சாப்பிட்டாள். ரூமுக்குப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் ஆகிறது. சொல்லவில்லை.

அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். கைக்கு வேலை வேண்டும். உங்களுக்கு அந்த மார்க் தெரியும். அல்பிரட் அண்ணனுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். என் பெண்ணின் மார்க் ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை அக்கா. நீங்கள் செய்தது சரி என்று தெரிகிறது, அதனாலேயே கோபம் கூடுகிறது. அன்றைக்கே ஒரு போன் அடித்திருக்கலாம், இதை நான் சாகிற வரைக்கும் சொல்வேன்.

அந்த ஆறு வருஷத்துக்குப் பதில் சொல்கிறேன். பயம்தான். எனக்கு எல்லாம் மறந்திருக்கும், இன்டர்வியூவில் கேட்டால் முழிப்பேன் என்று பயம். அவள் பாடத்தைச் செய்தால் தப்பாகப் போனாலும் பெயர் அவளுடையதுதானே. இப்படி எழுதிப் பார்த்தால் எனக்கே என் மேல் அசிங்கமாக இருக்கிறது.

கதவு திறக்கிறது. இருங்கள்.

வந்து சமையலறை வாசலில் நின்றாள் அக்கா. ‘செவன்ட்டி ஒன்’ என்றாள். நான் பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன். ‘கிரெடிட் வந்துருச்சும்மா’ என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள், அடுத்து நான் என்ன கேட்கப் போகிறேன் என்று. மிச்சம் இருபத்தொன்பது எதில் போச்சு, மோல் கணக்கிலா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இந்த ஒன்றரை மாசத்து ஆத்திரமும் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது. நான் கேட்கவில்லை. ‘சரி கண்ணு’ என்றேன்.

‘அவ்வளவுதானா?’ என்றாள்.

‘அவ்வளவுதான்’ என்றேன்.

அப்புறம் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்தெந்தக் கேள்வியை விட்டாள், எதில் அவசரப்பட்டாள், எது கடைசி நிமிஷத்தில் புரிந்தது என்று அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். எழுதிக்கொண்டே கேட்டால் சரியாகக் காதில் விழவில்லை. நிறுத்துகிறேன்.

சாந்தாமணி